ஓலை வாசிக்காத பெயர்கள்

விண்ணப்பத் தாளில் 18 கேள்விகள். எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தபோதே 17-க்குப் பதில் எழுதிவிட்டேன். பெயர், வயது, உயரம், படிப்பு, சம்பளம், சபை, சேகரம், ஞானஸ்நானம் பெற்ற தேதி, இரட்சிக்கப்பட்ட அனுபவம் உண்டா இல்லையா. சாதி என்று நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு ‘உட்பிரிவு’ என்று ஒரு கட்டம். கடைசிக் கேள்விதான் உதைத்தது. ‘இதுவரை திருமணம் ஆகாததற்குக் காரணம்.’ பதிலுக்கு ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். என் 36 வருஷத்தை அந்தக் கோட்டில் எப்படி மடித்து வைப்பது?

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் சனிக்கிழமை கிறிஸ்தவ வரன் அறிமுகக் கூட்டம். துண்டறிக்கையை அம்மாதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். “சும்மா போயிட்டு வா. அங்கயே உன்னைப் பிடிச்சுத் தாலி கட்டிருவாவளா?” என்றாள். நானும் ஒரு நிபந்தனை போட்டேன். கூட்டம் முடிந்ததும் களக்காட்டுப் பக்கம் அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்குவேன். அம்மா சற்றுத் தயங்கித்தான் சம்மதித்தாள். அத்தை ஓய்வுபெற்ற நர்ஸ். வயது 74. கல்யாணம் செய்துகொள்ளாதவள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து என்ன பாடம் படித்துக்கொண்டு வருவாளோ என்பது அம்மாவின் கவலை.

ஆனி மாதம். நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு ஊர் திரும்புகிறவர்களால் பெட்டி நிறைந்திருந்தது. எதிர் இருக்கை அம்மா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி, “வீட்டுக்காரரு வரலியா?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். வராததும் இல்லை, இருப்பதும் இல்லை. தமிழில் ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்கிவிடுவது எவ்வளவு வசதி! அவர் எனக்கும் இரண்டு இட்லி கொடுத்தார்.

விடிந்தபோது கோவில்பட்டியின் கரிசல் பின்னால் போயிருந்தது. திருநெல்வேலி சந்திப்பில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். பாளைக்குப் போக வேண்டுமென்றால் தாமிரபரணியைத் தாண்டியாக வேண்டும். அந்தப் பாலத்துக்குச் சுலோசன முதலியார் பெயர். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர், சொந்தப் பணத்தைப் போட்டு அதைக் கட்டினார். 1843-இல் திறந்த பாலம் இன்றும் பஸ்களைச் சுமக்கிறது. ஆற்றில் ஆனித் தண்ணீர் கொஞ்சம் ஓடியது. படித்துறையில் துணி துவைக்கிற சத்தம் பஸ்ஸுக்குள் வரைக்கும் கேட்டது.

கூட்டம் பத்து மணிக்கு. எனக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்தது. சின்ன வயதில் அத்தை கையைப் பிடித்து அழைத்துப் போன ஒரு கோயிலுக்கு நடந்தேன். பாளையங்கோட்டை என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஊசிக்கோபுரம், அதாவது மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826-இல் பிரதிஷ்டை செய்வித்த தூய திரித்துவ ஆலயம். நான் தேடிப் போனது அதற்கும் நாற்பது வருஷம் மூத்த, கோபுரம் இல்லாத, சின்னஞ்சிறு கோயிலை. கிளாரிந்தா ஆலயம். ஊர்ச்சனம் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்லும்.

கிளாரிந்தா தஞ்சாவூர்க்காரி. மராட்டியப் பிராமணக் குடும்பத்து இளம் விதவை. உடன்கட்டைச் சிதையிலிருந்து ஓர் ஆங்கிலப் படை அதிகாரி அவளைக் காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவரோடு வாழ்ந்தாள், அவரிடம் வேதம் கற்றாள். தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டாள். ஐயர் மறுத்துவிட்டார். முறைப்படி கல்யாணம் ஆகாமல் ஒருவரோடு வாழ்கிறாள் என்பதுதான் காரணம். மறுத்த சுவார்ட்ஸும் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்பது வேறு விஷயம். அதிகாரி இறந்த பிறகு, 1778-இல், அதே சுவார்ட்ஸ் கையால் அவளுக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. 1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். அவளைச் சுற்றித் திரண்ட சபை அது. அவள் முன்னின்று கட்டிய கோயிலை 1785-இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். பின்னாளில் அ.மாதவையா அவள் கதையை ஆங்கிலத்தில் நாவலாகவே எழுதினார்.

கோயில் வாசலில் வேப்பம்பழம் உதிர்ந்து கிடந்தது. படியில் உட்கார்ந்து விண்ணப்பத்தை மறுபடி எடுத்தேன். கிளாரிந்தாவிடம் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் ‘உட்பிரிவு’ கட்டத்தில் என்ன எழுதியிருப்பாள்? கடைசிக் கேள்விக்கு? திருநெல்வேலித் திருச்சபையின் அஸ்திவாரக் கல்லை வைத்தவளுக்கே இந்தத் தாளில் தேறியிருக்க வாய்ப்பில்லை. கொஞ்சம் தெம்பாக எழுந்தேன்.

அரங்க வாசலில் 500 ரூபாய் கட்டியதும் ஓர் எண் அட்டை கொடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். பெண்களுக்குச் சிவப்பு ரிப்பன், ஆண்களுக்கு நீலம். என் எண் 47. விண்ணப்பத்தைச் சரிபார்த்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“பதினெட்டாவது காலியா இருக்கே, சிஸ்டர்?”

“யோசிச்சு எழுதுதேன், பிரதர்.”

“திங்கக்கிழமை ராத்திரிக்குள்ள போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பிருங்க. புக்கு அச்சுக்குப் போவுது. காலியா இருந்தா ஆளுவ தப்பா நினைப்பாவ.” தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே கல்யாணம் ஆகாதவர்களைவிட அவர்களைப் பெற்றவர்கள்தான் அதிகம். முன் வரிசையில் ஒரு தாய், துபாயிலிருக்கும் மகனைச் செல்போன் திரையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடைப் பக்கம் போனை அவர் திருப்பும்போதெல்லாம் மகன் ஒருமுறை கும்பிட்டான். பாமாலையில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு தேவசெய்தி. ஆபிரகாமின் ஊழியக்காரன் பத்து ஒட்டகங்களோடு போய், கிணற்றடியில் ரெபெக்காளைக் கண்டு, ஈசாக்குக்கு அழைத்து வந்த கதை. ஜெபம் பண்ணி முடிக்கும் முன்னமே பெண் வந்து நின்றாள் என்று பேச்சாளர் அழுத்திச் சொன்னார். “அவனுக்கு ஒட்டகம் இருந்திச்சு. நமக்குத் தரகர்லா இருக்காரு” என்று பின்வரிசையில் ஒரு குரல். அரங்கத்தின் பாதி சிரித்தது. மறுபாதி பெற்றோர்.

அடுத்து, ஆதாமின் தனிமையைக் கடவுள் நல்லதல்ல என்று கண்ட இடம். பக்கத்தில் இருந்த 52-ஆம் எண், கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருகிறவள், என் காதோடு சொன்னாள்: “கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்துல பவுல் வேற மாதிரில்லா சொல்லுதாரு. கட்டாம இருந்தா நல்லதுன்னு. அந்த அதிகாரத்த இந்த மண்டபத்துல வாசிக்க மாட்டாவ.”

பிறகு அறிமுகம். ஆளுக்கு ஒரு நிமிஷம். ஒலிபெருக்கி முன்னால் நின்றபோது சொந்த ஊரே மறந்துபோனவர்கள் உண்டு. “சமையல் தெரியும், கீபோர்டு வாசிப்பேன்” என்று ஒரு பெண். “பெண்ணுக்கு வேலை அவசியமில்லை, இருந்தாலும் ஆட்சேபணை இல்லை” என்று ஒரு தகப்பனார். விவாகரத்தான ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லும் முன் தண்ணீர் குடித்தார். அவர் இறங்கும்போது மற்றவர்களுக்குக் கிடைத்த கைதட்டல் கிடைக்கவில்லை. சட்டென்று 52 மட்டும் தட்டினாள். நானும் தட்டினேன். அப்புறம் பத்துப் பதினைந்து கைகள் சேர்ந்துகொண்டன.

மதியச் சாப்பாடு கோயில் அசனம் மாதிரி தரைப் பந்தி. சோறு, கறிக்குழம்பு, அவியல், ரசம். மேடையில் கோணலாக வந்த பேச்செல்லாம் இலைக்கு முன்னால் நேராக வந்தது. பதினெட்டாவதுக்கு என்ன எழுதினீர்கள் என்று நான்தான் ஆரம்பித்துவைத்தேன். 52 ‘கர்த்தருடைய வேளை வரவில்லை’ என்று எழுதியிருந்தாள். “நெசமான காரணம் அப்பாவுக்குப் பக்கவாதம். அதை எழுதுனா எவனும் பக்கத்துல வரமாட்டான்” என்றாள். எதிர்ப்பந்தியில் 23. தூத்துக்குடிக்காரர், வயது 41. அவர் எழுதியது ‘தங்கைகள் மூன்று’. அவ்வளவுதான். “மூணு பேருக்கும் கட்டிக் குடுத்துட்டு நிமிந்து பாத்தேன். தலையில முடி இல்ல” என்று சொல்லிச் சிரித்தார். இலையை அவரே மடித்தெடுத்துப் போய்ப் போட்டுவிட்டு வந்து, பாட்டியம்மா ஒருவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். சாயங்காலம் புறப்படும்போது எண் கேட்டார். கொடுத்தேன். அது சட்டையில் குத்திய எண் இல்லை.

புதிய பேருந்து நிலையத்தில் களக்காடு பஸ். போகும் வழியிலெல்லாம் பாளையின் பெயர்ப் பலகைகள் மனசில் ஓடின. சாராள் தக்கர் கல்லூரியில்தான் அம்மா படித்தாள். 1895-இல் கல்லூரியான இடம். சாராள் தக்கர் இங்கிலாந்தில் உடல்நலமில்லாமல் இருந்து இறந்துபோனவர். இந்த மண்ணை மிதித்ததே இல்லை. மணமாகாதவர். காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கிய ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் ஒரு ‘மிஸ்’. பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கிய ஆஸ்க்வித் இன்னொரு ‘மிஸ்’. இரண்டும் 19-ஆம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில் பிறந்த பள்ளிகள். நாங்கள் 47, 52 என்று எண் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊரைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் பெரும்பங்கு, பதினெட்டாவது கோட்டுக்குப் பதில் இல்லாத பெண்களுடையது.

நாங்குநேரி தாண்டியதும் காற்று மாறியது. மேற்கே மகேந்திரகிரி மேகத்தைத் தலையில் கட்டியிருந்தது. வயல், குளம், வாழைத் தோட்டம், மறுபடி குளம். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அத்தை டார்ச் லைட்டோடு நின்றுகொண்டிருந்தாள். பொழுது இன்னும் இருட்டவே இல்லை.

“ஏ பிள்ள, மெலிஞ்சிட்டியே. அங்ஙன சோறு போட்டாவளா, செய்தி மட்டும்தானா?”

அத்தை வீடு ஓட்டு வீடு. முற்றத்தில் ஒரு முருங்கை. அவளுக்குச் சர்க்கரை என்பதால் அல்வா வாங்காமல், சென்னையிலிருந்து மூக்குக் கண்ணாடியும் முட்டுவலித் தைலமும் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியை உடனே மாட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “அஞ்சு நிமிஷம் முந்தி ஓடுது. இவ்வளவு நாளும் நான் கவனிக்கல” என்றாள். எங்கள் அப்பாவின் காலேஜ் ஃபீஸ் அத்தை சம்பளத்தில் கட்டியது. சித்தப்பா கல்யாணத்துக்கு அவள் வளையல் அடகுக்குப் போனது. குடும்பத்தில் இதை எல்லோரும் அறிவார்கள், யாரும் சொல்லமாட்டார்கள். ‘அவ கல்யாணம் பண்ணியிருக்கலாம்’ என்று மட்டும் சொல்வார்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் கேட்டேவிட்டேன். “தனியா இருக்கது கஷ்டமா இல்லியா, அத்தே?”

“ராத்திரி காய்ச்சல் வந்தாதான் தெரியும். ஒரு வாய் வெந்நி வச்சுத் தர ஆளு இருக்காது.” கொஞ்ச நேரம் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். “அதுக்காக ஒண்ணும் பொய் சொல்லக்கூடாது. முப்பத்தஞ்சு வருசம் வீடு வீடாப் போயிருக்கேன். புருசங்காரன் பக்கத்துல படுத்திருக்க, காய்ச்சலோட எந்திச்சுத் தனக்குத் தானே கஞ்சி காய்ச்சினவளுவளையும் பாத்துருக்கேன்.”

23-ஐப் பற்றிச் சொன்னேன். அத்தை கேட்டது ஒரே கேள்வி. “சோறு பொங்கத் தெரியுமா அவனுக்கு?” கேட்கவில்லை என்றேன். “சம்பளம் கேட்டிருப்ப. அதைக் கேக்கல” என்றாள்.

மறுநாள் ஞாயிறு. ஊர்க்கோயிலில் காற்றாடிகள்கூடக் குடும்பக் கதை சொல்லும். ஒவ்வொன்றின் இறக்கையிலும் ‘இன்னார் திருமண நினைவாக’ என்று எழுதியிருக்கும். பாட்டு, பிரசங்கம், காணிக்கை எல்லாம் முடிந்து அறிவிப்பு நேரத்தில் போதகர் ஐயர் ஓலை வாசித்தார். எங்கள் பக்கத்தில் விவாக அறிக்கைக்கு அதுதான் பேர். காகிதம் வந்தும் பனைநாட்டில் ஓலை போகவில்லை. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தகப்பன்மார் பெயர், சேகரம். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் ஐயரிடம் தெரிவிக்க வேண்டும். இது இரண்டாம் ஓலை. சபை கழுத்தைத் திருப்பிப் பெண் வீட்டாரைத் தேடியது.

ஓர் ஊர்ச்சபையில் ஒருத்தியின் பெயர் மூன்று வாரம் சத்தமாகச் சொல்லப்படுவது அநேகமாக அந்த ஒரு தடவைதான். அத்தை பெயரை இந்தக் கோயிலில் யாரும் அப்படி வாசித்ததில்லை. கிளாரிந்தாவுக்கும் வாசித்திருக்க மாட்டார்கள். இதை நினைத்து என் தொண்டை லேசாக அடைத்த நேரத்தில், அத்தை என் பக்கம் சாய்ந்தாள்.

“இந்தப் பொண்ணு கால் முதல்ல வந்தவ” என்று கிசுகிசுத்தாள். “ராத்திரி ரெண்டு மணி. மழை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கல. தலை மாட்டிக்கிட்டு. நான் அழுதுட்டே எடுத்தேன்.”

“மாப்பிள்ளை?”

“அவனும் நான் எடுத்தவன்தான். அவன் சும்மா வந்தான், வாழைப்பழம் மாதிரி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன் பெஞ்சிலிருந்து ஐயரம்மா திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அந்தப் பெண் நேராக அத்தையிடம் வந்து ஸ்தோத்திரம் சொன்னாள். அத்தை அவளை மேலும் கீழும் பார்த்து, “காலு எப்படி இருக்கு?” என்று கேட்டாள். பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் டோனாவூருக்குப் போனோம். பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ரேனியஸ் ஐயர் காலத்தில் கோயில் கட்டப் பணம் அனுப்பிய டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயரைச் சுமக்கிற ஊர். இன்று அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிவது ஆமி கார்மைக்கேலால். 1867-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். 1895-இல் இந்தியா வந்தார். அதன்பின் இறக்கும்வரை சொந்த நாட்டுக்கு விடுமுறையில்கூடத் திரும்பவில்லை. 1901-இல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலமானாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இன்னொருத்தி. கடைசியில் அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் வீடாயிற்று. 1916-இல் ஏழு பெண்களைச் சேர்த்து ஒரு சகோதரிகள் குழு அமைத்தார். கல்யாணத்தைத் தள்ளிவைத்துப் பிள்ளைகளைப் பார்க்க முன்வந்தவர்கள். 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பின், கடைசி இருபது வருஷமும் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அங்கிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். 1951 ஜனவரியில் இறந்தார்.

அனுமதி கேட்டு உள்ளே போனோம். மரங்கள் அடர்ந்த அமைதி. என் கல்லறைமேல் கல் வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தாராம். பிள்ளைகள் கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்: அம்மை. பிறந்த தேதி இல்லை, இறந்த தேதி இல்லை, இன்னாருடைய மகள் என்றோ மனைவி என்றோ இல்லை. நாங்கள் நின்றபோது ஒரு தவிட்டுக்குருவி தொட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் பறந்தது.

இப்படியே இருந்துவிடலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியதை மறைக்கவில்லை. திரும்பி வரும் வழியில் அத்தையிடம் சொல்லவும் செய்தேன். அவள் சட்டென்று நின்றாள்.

“நான் ஒண்ணும் அம்மை இல்ல. பெரிய வைராக்கியமும் இல்ல. கேட்டு வந்த இடம் ஒண்ணு தட்டிப்போச்சு, ஒண்ணை நான் தட்டுனேன். அப்புறம் டூட்டி இருந்திச்சு, போனேன். இதைப் பாத்து ஒருத்தி கல்யாணம் வேண்டாம்னாலும் தப்பு, அதைப் பாத்து ஒருத்தி வேணும்னாலும் தப்பு.”

திங்கட்கிழமை வள்ளியூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். அதற்கு முன், பகலில், அத்தையிடம் விண்ணப்பத்தைக் காட்டினேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் படித்தாள். ‘உட்பிரிவு’ வந்ததும், “இயேசு சாமிக்கு என்னத்தப் போடுவாவளாம்?” என்று ஒரு கேள்வி. கடைசிக் கோட்டில் விரலை வைத்து நிறுத்தினாள்.

“இதை ஏன் விட்டுட்ட?”

“என்ன எழுதன்னு தெரியல, அத்தே.”

உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டு எடுத்து வந்தாள். நீல அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அவள் எடுத்த பிரசவங்களின் சொந்தக் கணக்கு. தேதி, தாய் பெயர், எடை, நேரம். ஒரு பத்தியின் தலைப்பு ‘தாமதம் – காரணம்’. கீழே வரிசையாக அவள் கையெழுத்து: இடுப்பு சிறிது. ரத்தசோகை. கொடி சுற்று. நடுநடுவே, ரெண்டுக்கு ஒன்றாக, தெரியவில்லை. தெரியவில்லை. தெரியவில்லை.

“இவ்வளவுக்குமா தெரியல?”

“டாக்டருக்கே தெரியாது. ஆனா கட்டத்தைக் காலியா விட்டா மேட்ரன் ஏசுவா. அதான் உள்ளதை எழுதுனேன்.” நோட்டை மூடினாள். “எல்லாம் நல்லாத்தான் பிறந்துச்சு.”

ரயில் நாங்குநேரியைத் தாண்டும்போது 23-இடமிருந்து செய்தி வந்தது. சோறு பொங்கத் தெரியுமா என்று கேட்டிருந்தேன். ‘தங்கைகள் மூன்று என்று சொன்னேனே. குழம்பும் தெரியும்.’ பேனாவைத் திறந்து, மடியில் தாளை வைத்து, பெட்டி ஆடி அடங்கும்வரை காத்திருந்து, பதினெட்டாவது கோட்டில் அத்தை எழுத்தைப் போலவே குண்டு குண்டாக எழுதினேன்: தெரியவில்லை. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். அச்சுக்குப் போகட்டும்.